அசையாமல் நின்ற நாய்

நாய்க்காட்சி நடத்துகிறவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காது. சொன்னவனை அடுத்த வருடம் காட்சி மைதானத்துக் கயிற்றுக்கு உள்ளே விடமாட்டார்கள். என்னை அவர்கள் உள்ளே விடுவதை நிறுத்தி ஒன்பது வருடம் ஆகிறது. அதனால் சொல்கிறேன்.

மலையடிவாரத்து வாகைப்பட்டியில் கொம்பையா என்று ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்து நாலு. ஒரு காலத்தில் சுற்று வட்டாரக் காட்சிகளில் அவர்தான் நடுவர். பதினொரு வருடத்துக்கு முன் திடீரென்று விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு காது மட்டும் கறுத்த கிழட்டுப் பெட்டை நாயை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார்.

அவரிடம் நாய் வளர்ப்புப் பாடம் கேட்டவர் தவசிலிங்கம். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். வயது அறுபத்தொன்று. குருவைவிட ஏழு வயது மூத்த சீடர். சீடர் குருவை ஆசானே என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். ஊர் சிரித்தது. இருவரும் கண்டுகொள்ளவில்லை.

தவசிலிங்கத்திடம் பளிங்கு என்று ஒரு ராஜபாளையத்து ஆண் நாய் இருந்தது. உடம்பில் ஒரு கறுப்பு மயிர் கிடையாது. மூக்கு வெளிர் சிவப்பு. இறங்கிய மார்பு, ஏறிய வயிறு, மெல்லிய வால். இரண்டு கப் வாங்கியாயிற்று. மூன்றாவதும் வாங்கினால் சாம்பியன். அதற்குப் பிறகு அந்த மாவட்டத்தில் வெள்ளைக் குட்டி என்றால் பளிங்கின் குட்டிதான். தவசிலிங்கத்துக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை.

பளிங்கு குரைக்காது. அதுவும் அவருக்குப் பெருமை. காட்சிக்குப் பழக்குகிறவர்கள் நாயை வாயால் கூப்பிட மாட்டார்கள். கயிற்றை லேசாகச் சுண்டுவார்கள், கையைக் காட்டுவார்கள். ரிங்குக்குள் சத்தம் போடுகிற ஆளை நடுவர் மதிக்கமாட்டார். தவசிலிங்கம் குட்டியிலிருந்தே கையால்தான் பழக்கினார். பளிங்கும் அவர் கையைப் பார்த்தே நின்றது, நடந்தது, திரும்பியது.

ஒருநாள் தவசிலிங்கம் கேட்டார்.

"ஆசானே, ஒரு நாய்க்கு உடம்பு அமைப்பு முக்கியமா, வேலை முக்கியமா?"

கொம்பையா பெட்டையின் காதில் உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும்."

"ரெண்டையும் எப்படி ஒண்ணா வச்சுக் காப்பாத்துறது?"

"பளிங்குக்கு இந்தத் தடவை எத்தனை குட்டி?"

"ஒம்பது."

"எத்தனை வைக்கப் போறீங்க?"

"அஞ்சு. மிச்சம் நாலும் கழிசல். மூணுக்குக் காதுல கறுப்பு. ஒண்ணுக்கு முதுகுல உள்ளங்கை அகலத்துக்குப் புள்ளி. இன்னிக்குச் சாயங்காலம் கிணத்துல விட்டுருவேன்."

"அதுல ஒண்ணை எனக்குக் குடுங்க."

தவசிலிங்கம் தலையைச் சொறிந்தார்.

"நீங்க கேட்டு நான் இல்லைன்னு சொல்லக்கூடாது. ஆனா முடியாது ஆசானே. புள்ளிக்குட்டி ஒண்ணு உங்க வாசல்ல நின்னா, போறவன் வாறவன் இது பளிங்குக்குப் பொறந்ததும்பான். காட்சிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

"கட்டி வச்சுக்கிறேன். வெளிய தெரியாது."

"குரைச்சுக் காட்டிக் குடுத்துரும்."

கொம்பையா உண்ணியை நகத்தால் நசுக்கினார்.

"ஆமா. குரைக்கும்."

பிறகு சொன்னார்: "நீங்க கேட்டதுக்குப் பதில் காட்சி முடிஞ்ச பிறகு."

அன்று சாயங்காலம் தவசிலிங்கம் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு தன் தோட்டத்துப் பாழுங்கிணற்றுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார்.

காட்சி டவுன் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. பதினான்கு வெள்ளை நாய்கள். நடுவர் வெளியூர்க்காரர். கழுத்தில் டை கட்டியிருந்தார். ஆட்டுக்கிடையில் ஒருநாள்கூடப் படுத்திருக்கமாட்டார். அது அவர் தப்பில்லை என்பார்கள். பிறகு யார் தப்பு?

அவர் பல்லைப் பார்த்தார். மார்பைத் தடவினார். வாலைப் பிடித்து விட்டார். மூன்று நாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, விலகிப் போய்க் கண்ணைச் சுருக்கினார். எதற்குக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் ஒலிபெருக்கி வீறிட்டது. யாரோ மைக்கைக் கீழே போட்டுவிட்டான். அது அடங்குவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலக்காரன் ஆயிரம் வாலாவைக் கொளுத்தினான்.

பதிமூன்று நாய்கள் பதறின. ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தது. ஒன்று தன்னைப் பிடித்திருந்தவன் கையையே கடித்தது.

பளிங்கு நின்றது. காதுகூட ஆடவில்லை. தவசிலிங்கத்தின் கையைப் பார்த்தபடி சிலை மாதிரி நின்றது.

கூட்டம் கைதட்டியது. நடுவர் மைக்கை வாங்கினார்.

"அமைப்பு மட்டும் போதாதுன்னு சொல்லுவாங்க. நெஞ்சுரம் வேணும்பாங்க. இந்த நாய்கிட்ட ரெண்டும் இருக்கு. இதுதான் காவல் நாய்!"

கயிற்றுக்கு வெளியே கொம்பையா நின்றிருந்தார். கப்பைக் கொடுக்கும் முன்பே அவர் அங்கிருந்து போய்விட்டார்.

தவசிலிங்கத்தின் தங்கை பேச்சித்தாய். அவள் புருஷன் பெருமாள்சாமி. நூற்றியிருபது ஆடு வைத்துக் கிடை போடுகிறவர். அவரும் காட்சிக்கு வந்திருந்தார். கப்பைச் சுண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உங்க நாயைப் பாத்தா கோயில் தூண் மாதிரி இருக்கு மச்சான். இதுக்குச் சோறு வைக்கணுமா, எண்ணெய் தடவணுமா?"

"உன் கிடை நாய் செத்துப்போச்சு. அந்த வயித்தெரிச்சல் உனக்கு."

"எரியத்தான் செய்யுது. வாய் ஓயாமக் குரைக்கும், பாவி. இப்போ ராத்திரி பூரா நான் குரைச்சுக்கிட்டுக் கிடக்கேன். உங்க தங்கச்சி, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலைங்கிறா."

தவசிலிங்கம் அன்று சந்தோஷத்தில் இருந்தார்.

"பளிங்கோட மகன் சங்கு நிக்கான். ஒண்ணரை வயசு. அப்பனை உரிச்சு வச்சது மாதிரி. கூட்டிட்டுப் போ. சாம்பியன் மகன். உன் ஆட்டை எவன் தொடுறான்னு பாக்கேன்."

பெருமாள்சாமி சங்கைக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் தவசிலிங்கம் இனிப்போடு கொம்பையா வீட்டுக்கு வந்தார்.

"காட்சி முடிஞ்சது ஆசானே. பதில் சொல்லுங்க."

"சங்கைக் குடுத்துட்டீங்களாமே."

"மாப்பிள்ளைக்குத்தான். கிடைக் காவலுக்கு."

"அங்க வேற நாய் இருக்கா?"

"இல்ல. இவன் ஒருத்தன் போதும்."

"துணைக்கு ஒண்ணு வைக்கச் சொல்லுங்க. தெருநாயா இருந்தாலும் சரி."

தவசிலிங்கம் சிரித்தார்.

"சாம்பியன் மகனுக்குத் தெருநாய் துணையா? ஊர் காறித் துப்பும்."

கொம்பையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சங்கு கிடைக்குப் போன இருபத்திரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் அது நடந்தது.

ஆடுகள் ஓடைக்கரை மருத மரத்து நிழலில் படுத்திருந்தன. பெருமாள்சாமி கஞ்சி குடித்துவிட்டுத் துண்டை விரித்துச் சாய்ந்தார். பத்தடி தள்ளி சங்கு தூங்கியது. ஒரு சின்ன லோடு வண்டி வந்தது. மூன்று பேர் இறங்கி ஆட்டைத் தூக்கி ஏற்றினார்கள். பெருமாள்சாமி விழித்துக்கொண்டு ஓடினார். அவருடைய தொரட்டிக் கம்பைப் பிடுங்கி அவர் தலையிலேயே அடித்தார்கள்.

அக்கரையில் புல்லறுத்த ஒரு பெண் எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் கத்தினாள். ஆடுகள் கத்தின. பெருமாள்சாமி நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிட்டார். நாய் எழுந்திருக்கவில்லை.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். கள்ளர்கள் வந்த வண்டி கிடைக்கவில்லை. ஆட்களும் கிடைக்கவில்லை.

பால் தெளித்த மறுநாள் பேச்சித்தாய் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கையில் கயிறு. கயிற்றில் சங்கு.

"உங்க நாயைக் கொண்டாந்திருக்கேன்."

"உள்ள வா தாயி."

"வரல. ஊர்ல அடிச்சுக் கொல்லச் சொன்னாங்க. எனக்குக் கை வரல."

தவசிலிங்கம் நாயைப் பார்த்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவரைக் கண்டதும் வாலை ஆட்டியது.

"இப்படித்தான் ஆட்டுச்சாம்," என்றாள் அவள். "வண்டி போன பிறகு முழிச்சு, சோம்பல் முறிச்சு, பக்கத்துல வந்துச்சாம். அவரு மூஞ்சிய நக்குச்சாம். அப்பவும் வாலை ஆட்டுச்சாம். அந்தப் பொம்பள சொல்லிச் சொல்லி அழுதா."

அவர் கயிற்றை வாங்கக் கையை நீட்டினார்.

"எவன் ஆட்டைத் தொடுறான்னு பாக்கேன்னு சொன்னீங்களாமே அண்ணே. அவரு வந்து சொல்லிச் சிரிச்சாரு."

கயிற்றைக் கதவுக் கம்பியில் கட்டிவிட்டுப் போனாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தவசிலிங்கம் கடப்பாரையை எடுத்தார். நாயை அவிழ்த்துக்கொண்டு கொம்பையா வீட்டுக்குப் போனார்.

"இது கோழை நாய் ஆசானே. இல்ல, கள்ளன்கிட்ட சோறு வாங்கித் தின்ன நாய். கொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். கோளாறு ரத்தத்துலயா, நான் பழக்கினதுலயா?"

கொம்பையா சங்கைப் பார்த்தார்.

"பளிங்கைக் கூட்டிட்டு வாங்க. அந்தக் கப்பையும் எடுத்துட்டு வாங்க."

"கப்பு எதுக்கு?"

"எடுத்துட்டு வாங்க."

தவசிலிங்கம் போய் இரண்டையும் கொண்டுவந்தார். கொம்பையா இரண்டு வெள்ளை நாய்களையும் வேப்ப மரத்தில் கட்டி, வயலைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்தார். வயலில் கொக்குகள் மேய்ந்தன. இரண்டு நாய்களும் கொக்கைப் பார்த்தன. சற்றுத் தள்ளிக் கறுத்த காதுப் பெட்டை தூங்கிக்கொண்டிருந்தது.

நாய்களுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல் இருந்தது. கொம்பையா கப்பைத் தலைக்கு மேல் தூக்கினார். ஓங்கி அந்தக் கல்லில் அடித்தார்.

மரத்துக் காக்கைகள் கலைந்தன. பக்கத்து வீட்டுப் பெண் என்னமோ ஏதோ என்று வெளியே ஓடிவந்தாள். தூங்கிய கிழட்டுப் பெட்டை துள்ளி எழுந்து, பல்லில்லாத வாயால் குரைத்துத் தள்ளியது.

வெள்ளை நாய்கள் இரண்டும் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கொம்பையா மறுபடியும் அடித்தார். கப்பின் ஒரு காது உடைந்து விழுந்தது.

நாய்கள் திரும்பவில்லை.

தவசிலிங்கம் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பளிங்குமா?"

"பளிங்குந்தான்."

"வெடிக்கு நின்னானே ஆசானே."

"ஆமா. நின்னான்."

பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே போனாள். பெட்டை குரைத்து ஓய்ந்தது.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"பதினொரு வருஷமாத் தெரியும்."

"பளிங்குக்கே நாலு வயசுதான்."

"அவன் பாட்டனைச் சொல்றேன். அதே மைதானம். கோயில் கொடைக்கு வேட்டுப் போட்டாங்க. பதினாறு நாய் பதறிச்சு. ஒண்ணு நின்னுச்சு. நெஞ்சுரம்னு மைக்குல சொன்னேன். முதல் கப்பை அதுக்குக் குடுத்தேன். ஒரு மாசத்துல அது லாரியில அடிபட்டுச் செத்துச்சு. பின்னால வந்த லாரி. ஆரனை அமுக்கிக்கிட்டே வந்திருக்கான். அது திரும்பிப் பாக்கல. அன்னிக்குத்தான் எனக்கு விளங்குச்சு. அதுக்குள்ள ஆறு பெட்டைக்குச் சேத்துட்டாங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, கப்பைக் குடுத்தவன் யாருன்னும் சொல்லணும்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"ரெண்டு தடவை அரைவாய் சொன்னேன். ஒரு குட்டி கேட்டேன். துணைக்கு நாய் வைக்கச் சொன்னேன்."

"அரைவாயா?"

"முழுசாச் சொல்ல வாய் வரல அண்ணாச்சி."

தவசிலிங்கம் எழுந்தார். கடப்பாரையை இரண்டு கையாலும் தூக்கினார். அவர் நாயைப் பார்க்கவில்லை. கொம்பையாவைப் பார்த்தார்.

"என் தங்கச்சி தாலியறுத்து நிக்கா."

"தெரியும்."

கொம்பையா விலகவில்லை. கையைக்கூடத் தூக்கவில்லை.

"அசையாம நிக்கிறீங்களே ஆசானே. இதுவும் நெஞ்சுரமா?"

"இல்ல. பயந்துதான் நிக்கேன்."

கடப்பாரை மெல்ல இறங்கியது. தரையில் ஊன்றி அதன்மேல் தவசிலிங்கம் சாய்ந்துகொண்டார். சங்கு அவர் பக்கம் திரும்பி, அவர் கை ஏதாவது சொல்கிறதா என்று பார்த்தது. அந்தக் கை கடப்பாரையை இறுகப் பிடித்திருந்தது. நாய்க்கு அது விளங்கவில்லை.

வெயில் வேப்ப மரத்தைத் தாண்டிப் போனது. பிறகு தவசிலிங்கம் கேட்டார்.

"பதினேழு வீட்டுல பளிங்கோட குட்டி காவல் நிக்குது. எல்லாமே செவிடா?"

"எல்லாம் இல்ல. சிலதுக்குக் கேக்கும். வெள்ளைக்கு வெள்ளையே சேத்துக்கிட்டுப் போனா, ஒவ்வொரு ஈத்துக்கும் செவிடு கூடிக்கிட்டே போகும்."

"நான் வச்சுக்கிட்ட அஞ்சு?"

"தட்டிப் பாத்தாத் தெரியும்."

"புள்ளி விழுந்தது?"

"அதுக்குப் பெரும்பாலும் காது நல்லா இருக்கும்."

தவசிலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த ரத்தத்தைத் திருப்பி எடுக்கணும் ஆசானே. அதே எலும்பு, அதே மார்பு இருக்கணும். காதும் கேக்கணும். புள்ளி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். கப்பு வேண்டாம். முடியுமா?"

"முடியும். நீங்க கேட்ட ரெண்டும் ஒண்ணா இருக்கிற குட்டி ஒண்ணு வேணும்."

"உங்க பெட்டை?"

"அது கிழடு. இனி ஈனாது."

"வேற யார் வீட்டுலயாவது?"

"ஊர் ஊரா ஒரு வருஷம் தேடிப் பாத்துட்டேன். எல்லா வீட்டுலயும் வெள்ளைதான் நிக்குது. புள்ளியை எவனும் கண்ணு முழிக்க விடல."

"அப்போ எங்கதான் போய்த் தேடுறது?"

கொம்பையா குனிந்து நசுங்கிய கப்பை எடுத்தார். உடைந்த காதையும் தேடி எடுத்தார். இரண்டையும் துண்டால் துடைத்துத் தவசிலிங்கத்தின் கையில் வைத்தார்.

"உங்க தோட்டத்துக் கிணத்துல நாலு கிடக்கு அண்ணாச்சி."